பாத்ரூம் கதவுக்கு ஒரு சிவப்புத் திரை

போன ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டு மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"நீங்க கொடைக்கானல் டீச்சர்தானுங்களே? வாரா வாரம் எழுதுவீங்களே..."

ஆமாம் என்றேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"வருஷக் கடைசி வந்துருச்சு. வீட்டுக்கு என்னென்ன வாங்கினீங்கன்னு எழுதுவீங்கல்ல, அதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். போன வருஷம் நீங்க எழுதுனதப் பாத்துட்டுத்தான் நானும் ஜன்னலோரம் மெத்தை தச்சுப் போட்டேன். அது சரி, இங்கன என்ன சோலியா வந்தீங்க?"

இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சிரித்து வைத்தேன். அவரும் சிரித்துவிட்டுப் போனார். நான் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன் — கடைக்காரர் கையை நீட்டி, "எடை போட்டுரவாம்மா?" என்று கேட்கிற வரைக்கும்.

அந்த அம்மாவுக்குச் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு வருடக் கடைசியிலும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்த சின்னச் சின்ன சுகங்களைப் பற்றி எழுதுவது வழக்கம். ஒரு டீ கப், ஒரு குஷன், ஒரு பூந்தொட்டி... இந்த வருடமும் நிறையவே வாங்கினேன். வேறு எந்த வருடத்தையும் விட அதிகமாகவே வாங்கினேன். ஆனால், அழகுக்காக ஒன்றுகூட வாங்கவில்லை.

என் கணவரை உங்களில் பலருக்குத் தெரியும். இந்தப் பத்தியில் அவ்வப்போது வந்து என்னைக் கிண்டல் செய்துவிட்டுப் போகிறவர். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன் — பெயர் ராமலிங்கம். அரசு பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுகிற மலைப்பாதையில்தான் அவருடைய சர்வீஸ் முழுவதும் கழிந்தது. நான் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். அவர் பஸ்ஸில் போய்வந்து பழக்கமாகி, கல்யாணத்தில் முடிந்தது. அப்போது "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்தவர், இன்று வரை அதை மாற்றவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு வாடகை வீட்டில் ரொம்ப காலமாக இருந்தோம்.

போன வருடம் முடிகிற சமயத்தில் அவருக்கு மறதி நோய் என்று மதுரையில் டாக்டர் சொன்னார்.

"மருந்து ஓரளவுக்குத்தாம்மா கேக்கும். வீட்ட அவருக்குச் சுலபமா வச்சுக்கங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க — இருக்கற இடத்த மாத்தாதீங்க."

சுலபமாக வைப்பது என்றால் என்ன? எனக்கு முதலில் புரியவில்லை. அவரே சொல்லிக்கொடுத்தார்... தினம் ஒரு தொல்லையாக.

சோற்றைப் பிசையாமல் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். குழம்பு பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். ஒருநாள் அவரே, "டீச்சர், இன்னும் சோறு வைக்கலியா?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. தட்டும் வெள்ளைப் பீங்கான், சோறும் வெள்ளை. அவர் கண்ணுக்குத் தட்டு காலி. மறுநாளே நல்ல அழுத்தமான நீலத்தில் தட்டு வாங்கி வந்தேன். வழித்துச் சாப்பிட்டார்.

வாசலில் கறுப்பு மிதியடி. அதன் முன்னால் வந்ததும் நின்றுவிடுவார். கையை நீட்டி என்னையும் தடுப்பார். "பள்ளம் கெடக்கு, பாத்து." காலமெல்லாம் மலை ரோட்டைப் பார்த்த கண். பள்ளம் என்றால் பள்ளம்தான். மிதியடியைத் தூக்கிவிட்டு இளம்பச்சையில் ஒன்று போட்டேன்.

கண்ணாடியில் தெரிகிற ஆளை முதலில் "வாங்க, உக்காருங்க" என்று உபசரித்தார். அந்த ஆள் உட்காரவும் மாட்டேன் என்கிறான், கிளம்பவும் மாட்டேன் என்கிறான் என்று பிறகு கோபம் வந்துவிட்டது. பூவேலை செய்த துணி ஒன்றை வாங்கிக் கண்ணாடியை மூடினேன்.

சாயங்காலம் பனிமூட்டம் இறங்கி ஜன்னல் வெளுத்துப் போனால் அவருக்கு நடுக்கம் எடுக்கும். ரோடு தெரியவில்லை என்பார். ஜன்னலோரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு வாங்கி வைத்தேன். மூட்டம் இறங்குவதற்கு முன்பே ஏற்றிவிடுவேன். அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அமைதியாக உட்கார்ந்துவிடுவார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வெற்றி, பாத்ரூம் கதவு.

வீட்டில் எல்லாக் கதவும் ஒரே பழுப்பு. பாத்ரூம் எது என்று தெரியாமல் சமையலறைக்குள் போவார். பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். சில நாள் தாங்காமல் நின்ற இடத்திலேயே ஆகிவிடும். தலையைக் குனிந்துகொண்டு, "யாரோ தண்ணிய ஊத்திட்டாங்க" என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு துடைப்பேன். கடைசியில், கண்ணைப் பறிக்கிற சிவப்பில் கெட்டித் துணி வாங்கித் தைத்து, பாத்ரூம் கதவை மறைத்துத் தொங்கவிட்டேன். அன்று கட்டிலிலிருந்து எழுந்தவர் திரையைப் பார்த்தார். கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தார். உள்ளே போனார். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஒரு திரைச்சீலை சந்தோஷத்தில் அழ வைக்கும் என்று அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா?

இப்படி ஒவ்வொன்றாக வாங்கி மாட்டியதில், நம்ப மாட்டீர்கள் — வீடு அழகாகிவிட்டது.

அதுதான் வினையும் ஆனது.

எங்கள் வீட்டு ஓனர் மகேந்திரன் பழனியில் இருக்கிறார். அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. நல்ல மனிதர். வருடத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். சீசன் முடிந்த சமயத்தில் அவருடைய மகனும் மருமகள் காவ்யாவும் வந்தார்கள். சும்மா கொடைக்கானல் வந்தோம், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று. டீ போட்டுக் கொடுத்தேன். காவ்யா கப்பைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தாள்.

"ஆன்ட்டி, செம்ம டேஸ்ட் உங்களுக்கு. அந்த ரெட் கர்ட்டன் அப்படியே பாப் ஆகுது. கண்ணாடி மேல துணி போட்டிருக்கீங்களே, இது புது ஸ்டைலா? லேம்ப் எங்க வாங்கினீங்க?"

கணவர் மஞ்சள் விளக்கின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரை வைத்துக்கொண்டு எதற்காக எதை வாங்கினேன் என்று எப்படி விளக்குவது? "கடைத்தெருவுலதான் வாங்கினேன்மா" என்று மட்டும் சொன்னேன். போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். தாராளமாக என்றேன். என்னைப் பாராட்டி எத்தனை நாளாகிறது... பெருமையாகக்கூட இருந்தது. இவரை மட்டும் எழுப்பி உள் அறையில் உட்கார வைத்தேன், படத்தில் விழுந்து அவளுக்கு இடைஞ்சலாக இருக்க வேண்டாமே என்று.

கொஞ்ச நாளில் மகேந்திரனிடமிருந்து போன் வந்தது.

"டீச்சரம்மா, எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க. பையனுக்கு பெங்களூர்ல வேலை போயிருச்சு. மருமக உண்டாகியிருக்கு. அந்த வீட்ட ஹோம்ஸ்டே ஆக்கிப் பொழச்சுக்கிறோம்னு ரெண்டு பேரும் ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. போட்டோவ நெட்ல போட்டுட்டாங்க. இப்பவே ஆளுங்க கேக்குறாங்களாம்."

நான் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன்.

"அவருக்கு முடியலைங்க. இடத்த மாத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"தெரியும்மா. காவ்யா சொல்லுச்சு, சார் ஒரு மாதிரி இருக்காருன்னு. அதான் நேர்ல வராம போன்ல பேசுறேன். உங்க மொகத்தப் பாத்தா என்னால சொல்ல முடியாதுங்க."

மகேந்திரனை நான் எப்படித் திட்டுவது? அவருக்கு மகன், எனக்குக் கணவர். வீடு அவருடையது. திட்டுவதற்கு ஒரு கெட்டவன்கூடக் கிடைக்காத கஷ்டம் என்ன மாதிரியானது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நாயுடுபுரம் முழுக்க வீடு தேடினேன். புரோக்கர் சிரித்தார். "மாச வாடகைக்கா? அதெல்லாம் இப்ப யாருங்க விடுறாங்க, எல்லாம் டூரிஸ்டுக்குத்தான்." ஒரு வீட்டில் ஓனரம்மா சரி என்றே சொல்லிவிட்டார். அட்வான்ஸ் கொடுக்க இவரையும் கூட்டிக்கொண்டு போனேன். தவறு என்னுடையது. இவர் அந்த அம்மாவிடம் பேரைக் கேட்டார். சொன்னார். மறுபடி கேட்டார். மறுபடியும் கேட்டார். அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பக்கத்து ரூம்ல கெஸ்ட் தங்குவாங்க. சார் போய் கதவத் தட்டிட்டா வம்பாயிரும்ல... கோவிச்சுக்கிடாதீங்க" என்றார். கோபித்துக்கொள்ள எனக்கு எங்கே தெம்பு?

மலைக்குள் தள்ளி இருக்கிற கவுஞ்சியில் பூண்டு விவசாயம் செய்கிற ஒருவர், என்னிடம் படித்த பெண்ணின் அப்பா, கேள்விப்பட்டு வந்தார்.

"வீடு சும்மாதான் கெடக்கு டீச்சர். வாடகையெல்லாம் வேணாம், வந்து இருங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். மழையில மரம் சாஞ்சுட்டா ரோடு கெடையாது. அய்யாவுக்கு ஏதாச்சும் அவசரம்னா வெரசா எறங்க முடியாது. நல்லா யோசிச்சுக்கங்க."

யோசித்தேன். அவர் சொன்னதுதான் சரி.

கடைசியில் வத்தலக்குண்டில் வீடு பார்த்துக் கொடுத்தவர் பாண்டி. இவருடன் கண்டக்டராக ஓடி, இப்போது பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருப்பவர். ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெரு, தரைத்தளம், டாக்டர் கூப்பிடு தூரம். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது காவ்யா வந்தாள். வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. போட்டோவுல இருக்கற மாதிரியே இருக்கணும்னு கெஸ்ட் எதிர்பார்ப்பாங்க. அந்த ரெட் கர்ட்டன், லேம்ப், கண்ணாடி மேல போட்ட துணி... இத மட்டும் விட்டுட்டுப் போறீங்களா? புதுசு வாங்கத் தேடிப் பாத்தேன், இதே மாதிரி கெடைக்கல."

இவர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். அதனால் சொன்னேன். தட்டு ஏன் நீலம், மிதியடி ஏன் பச்சை, கண்ணாடிக்குள் யார் இருக்கிறார், சிவப்புத் திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது... எல்லாவற்றையும். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரிதான் சொன்னேன்.

காவ்யா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்குத் தெரியாது ஆன்ட்டி" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நான் தடுத்தும் கேட்காமல், திரையைக் கம்பியிலிருந்து தானே உருவி, மடித்து, என் பெட்டியில் வைத்தாள். "போகாதீங்க ஆன்ட்டி" என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேனா? பொய் சொல்வானேன், எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை. வயிற்றில் குழந்தை, வீட்டில் வேலையில்லாத புருஷன். அவளால் எப்படிச் சொல்ல முடியும்?

வேனில் இறங்கினோம். இவர் முன் சீட்டில், டிரைவர் பக்கத்தில். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து ஒரு வருடம் இருக்கும். என் பெயர்கூடச் சில நாள் வராதவருக்கு ரோடு முழுவதும் ஞாபகம் இருந்தது. "பெருமாள்மலையில ஒரு டீ அடிச்சுருவோம்." "மச்சூர் தாண்டுனதும் ஹாரன் அடி, லாரி வரும்." டம் டம் பாறை வந்ததும் வலது கால் தானாகவே பிரேக் போட்டது. வேன் டிரைவரும் நல்ல பிள்ளை, "சரிங்கண்ணே, சரிங்கண்ணே" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். எனக்குக்கூட ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. ஒருவேளை இந்த ஊர் அவருக்கு ஒத்துக்கொள்ளுமோ?

நான் ஒன்றை மறந்துவிட்டேன். வத்தலக்குண்டு அவருக்கு ஊரே இல்லை. டிரிப் முடிகிற இடம். டீ குடித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, வண்டியைத் திருப்புகிற இடம்.

வந்த அன்றைக்கே பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் மாட்டினேன். பாத்ரூம் கதவில் அதே சிவப்புத் திரை. ஆனால் நாயுடுபுரம் வீட்டில் கட்டிலிலிருந்து எழுந்து இடப்பக்கம் திரும்பினால் திரை இருக்கும். இங்கே இடப்பக்கம் சுவர். அவர் எழுந்தார், இடப்பக்கம் திரும்பினார், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தோளைப் பிடித்துத் திருப்பி, "அந்தா இருக்கு பாருங்க, சிவப்பா" என்றேன். பார்த்தார். மறுபடி சுவரின் பக்கமே திரும்பிக்கொண்டார். கட்டிலின் திசையை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். எழுந்திருக்கவே பயந்தார்.

அப்போதுதான் புரிந்தது. அவருக்கு வழி காட்டியது திரை மட்டும் இல்லை. கட்டில், ஜன்னல், பனி, தரையின் குளிர்ச்சி எல்லாம் சேர்ந்து காட்டிய வழி அது. நாம் என்னவோ பொருளை வாங்கி மாட்டிவிட்டு, சுகத்தையும் வாங்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். பொருளைத்தான் பெட்டியில் கட்ட முடியும்.

மஞ்சள் விளக்கை ஏற்றினேன். கொசுவும் ஈசலும் மொய்த்தன. அணைத்துவிட்டேன். கெட்டித் திரை புழுக்கத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. கழற்றிவிட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு டேபிள் ஃபேன் வாங்கினேன். கடைக்காரர், "இத்தன நாளா ஃபேன் இல்லாமலாம்மா இருந்தீங்க?" என்று ஆச்சரியப்பட்டார். நீலத் தட்டு மட்டும்தான் இன்னும் வேலை செய்கிறது. அதற்காவது நன்றி சொல்ல வேண்டும்.

இவர் காலையில் வெள்ளனே எழுந்து, குளித்து, சட்டை போட்டு, வாசல் பக்கம் பார்த்து உட்கார்ந்துவிடுவார். ஸ்டாண்டிலிருந்து ஹாரன் கேட்டால் எழுந்து நிற்பார். "வண்டி எடுக்கணும் டீச்சர். லேட்டாவுது." உங்களுக்கு ரிட்டயர் ஆகிவிட்டது என்று சொன்னால் விழிப்பார். இதுதான் இனி நம் வீடு என்றால், கோபப்படுவார். "வத்தலக்குண்டுல எனக்கு ஏது வீடு?"

போன மாதம், நான் துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள் ஆளைக் காணோம். தெருவில் இல்லை, டீக்கடையில் இல்லை. செருப்புப் போடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். கொடைக்கானல் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் டீ. பக்கத்தில் பாண்டி.

"டிரைவர் சீட்டுல ஏற வந்துட்டாருங்க" என்று பாண்டி என்னிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு அவர் பக்கம் திரும்பி, "அண்ணே, உங்க டிரிப்ப இன்னைக்குக் கேன்சல் பண்ணிட்டாங்கண்ணே. ஸ்பேர் வண்டி இல்ல. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

"அதச் சொல்ல வேண்டியதுதானப்பா மொதல்ல" என்றார் இவர். எழுந்து, என் கூடவே நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வந்து சோறு கேட்டுச் சாப்பிட்டார்.

எவ்வளவு சுலபமான வழி. அன்றிலிருந்து நானும் அதைத்தான் சொன்னேன். காலையில் காபி கொடுக்கும்போதே சொல்லிவிடுவேன் — பாண்டி ஆள் அனுப்பினார், டிரிப் கேன்சலாம். இவர் தலையாட்டிவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். ஃபேன் முன்னால் படுத்துக்கொள்வார். எனக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்தது. இந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த சுகம் எது என்று மார்க்கெட்டில் பார்த்த அந்த அம்மா மறுபடி வந்து கேட்டால், இதைத்தான் சொல்வேன். பாண்டி சொல்லிக்கொடுத்த பொய்.

அதுவும் முந்தாநாளோடு முடிந்தது.

முந்தாநாள் காலை வழக்கம்போலச் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றவில்லை. காபியைக் கீழே வைத்தார். பிறகு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தெனமும் கேன்சல்ங்கறாங்களே... என்னைய சஸ்பெண்ட் பண்ணிட்டாங்களா டீச்சர்?"

"சேச்சே, அதெல்லாம் இல்லைங்க."

"இல்ல, நீ மறைக்கிற. ஒரு ஆக்சிடென்ட் பண்ணதில்ல. குடிச்சுட்டு ஏறுனதில்ல. நான் என்ன தப்புப் பண்ணேன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

கண் கலங்கியிருந்தது அவருக்கு. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

"யாரும் சொல்லலைங்க" என்றேன்.

பாண்டியின் பொய்யைச் சொல்ல ஆரம்பித்த பிறகு அவரிடம் நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.